சிவப்புக் கோட்டுக்குக் கீழே

அவருடைய விளையாட்டில் எவரும் வெளியே போவதில்லை. அவரைப் பற்றி ஒரு வாக்கியம் மட்டும் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

எங்கள் கரையோரப் பிள்ளைகள் புளியங்கொட்டை எறிந்து ஆடும் ஆட்டம் ஒன்று உண்டு. கொட்டையைப் பிளந்து ஒரு பக்கத்தைச் சீமெந்தில் தேய்த்தால் அது வெள்ளையாகிவிடும், மறுபக்கம் கறுப்பு. இப்படி ஆறு பாதிகளைக் கையில் குலுக்கி எறிய வேண்டும். வெள்ளை விழுந்த அளவுக்கு முன்னே போகலாம். கறுப்பு விழுந்த அளவுக்குப் பின்னே வர வேண்டும். தொடங்கிய கோட்டுக்கும் பின்னால் தள்ளப்பட்டவன் செத்தான். அவன் எழுந்துபோய் ஓரமாகக் குந்தியிருந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்க்க வேண்டும். சிறு வயதில் நானும் ஆடியிருக்கிறேன், பலமுறை செத்துமிருக்கிறேன்.

எங்கள் பாடசாலையில் தரம் ஐந்துக்குக் கற்பித்த அவர், அந்த ஒரு விதியை மட்டும் மாற்றினார். பாடசாலையின் பின்புறம், கிணற்றுக்கும் மதிலுக்கும் இடையிலிருந்த மணலில் ஒரு தடியால் ஏணி போல நீளமாகக் கட்டங்கள் கீறுவார். நடுவில் ஒரு தடித்த கோடு. ஆட்டம் தொடங்கும் அந்தக் கோட்டுக்குக் கரை என்று பெயர். கரையிலிருந்து வகுப்பறைப் பக்கம் பத்துக் கட்டங்கள் தரை, மதில் பக்கம் பத்துக் கட்டங்கள் கடல். மதிலுக்கு அப்பால் உண்மையாகவே துறைமுகம் இருந்ததால் பிள்ளைகளுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. கரைக்குப் பின்னே தள்ளப்பட்டவர் சாகமாட்டார், கடலுக்குள் நின்று தன் முறை வரும்போது அங்கிருந்தே ஆடுவார். கூட்டல் குறியைச் சக என்றும் கழித்தல் குறியைச் சய என்றும் சொல்வது எங்கள் பாடசாலைகளின் வழக்கம். தரையில் நின்றவர்கள் சக இரண்டு, சக நாலு என்று கத்துவார்கள். கடலில் நின்றவர்கள் அதே உற்சாகத்தோடு சய ஆறு என்று கத்துவார்கள். தரம் ஐந்துப் பிள்ளைகள் மறை எண்களை, அதாவது பூச்சியத்துக்குக் கீழான எண்களை, படித்தது அப்படித்தான். படிக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது.

ஒருநாள் என் அறை யன்னலால் பார்த்தபோது ஒரு பையன் மதிலின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தான். ஓடிப்போய் இறங்கடா என்று அதட்டினேன்.

"ஏலாது சேர், நான் சய பன்ரெண்டில நிக்கிறன்" என்றான்.

அவர் அவனுக்குப் பக்கத்தில், அவனுடைய காற்சட்டைப் பட்டியைக் கெட்டியாகப் பிடித்தபடி நின்றார். "கட்டம் முடிஞ்சிட்டுது சேர். ஆனா எண் முடியேல்ல" என்றார்.

அந்தப் பாடசாலையில் பதினொரு ஆண்டுகள் நான் அதிபராக இருந்தேன். பேராதனையில் கணிதம் படித்துப் பட்டம் பெற்றவன். அவர் அங்கே தொண்டர் ஆசிரியை. எங்கள் மாகாணத்தில் அந்நாட்களில் ஆசிரியர் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. உயர்தரம் படித்துவிட்டு வீட்டிலிருந்த பெண்கள் சம்பளமில்லாமல் வந்து கற்பித்தார்கள். என்றாவது ஒருநாள் அரசாங்கம் நிரந்தர நியமனம் தரும் என்ற நம்பிக்கைதான் அவர்களுடைய சம்பளம். அவருடைய பெயரை நான் எழுதவில்லை. ஏற்கனவே ஒருமுறை அவரைப் பற்றிக் கடதாசியில் எழுதி அவருக்குச் செய்தது போதும்.

தரம் ஐந்து என்பது எங்கள் நாட்டில் விளையாடுகிற வகுப்பு அல்ல. புலமைப்பரிசில் பரீட்சை அந்த ஆண்டில்தான் வருகிறது. பெற்றோர் கோயிலுக்கு நேர்ந்துகொள்கிற பரீட்சை. மறை எண்கள் அதற்கு வேண்டியதில்லை. பாடத்திட்டத்தில் அவை மேல் வகுப்பில்தான் வருகின்றன. வந்த புதிதில் அவரை அறைக்கு அழைத்து இதைச் சொன்னேன். மூன்றிலிருந்து ஐந்தைக் கழிக்க ஏலாது என்று சொல்லிவிட்டுப் போங்கள், இந்த வயதுக்கு அது போதும் என்றேன்.

அவர் கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே, "ரெண்டு வருசத்தால நாங்களே ஏலும் எண்டு சொல்லப் போறம். இப்ப ஏலாது எண்டு சொன்னா அது பொய்யல்லோ சேர்?" என்று கேட்டார். சவால் விடுகிற தொனி அதில் இல்லை. உண்மையாகவே பதில் தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டது போலிருந்தது. அவருடைய எல்லாக் கேள்விகளும் அப்படித்தான் இருக்கும்.

பரீட்சையில் பிள்ளைகள் விழுந்தால் நீங்கள்தான் பொறுப்பு என்று மட்டும் சொன்னேன். விழவில்லை. அந்த ஆண்டும் அடுத்தடுத்த ஆண்டுகளிலும் வழக்கத்தைவிட இரண்டு மூன்று பிள்ளைகள் அதிகமாகவே சித்தியடைந்தார்கள். அதை நான் பரிசளிப்பு விழாவில் அறிவித்தேன். அவருடைய பெயரைச் சொன்னதாக நினைவில்லை.

இனி சிவப்புக் கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆசிரியர் வரவுப் பதிவேடு என் மேசையில் இருக்கும். வருகிறவர்கள் ஒருவர் கீழ் ஒருவராகப் பெயரெழுதி, நேரம் போட்டு, ஒப்பமிடுவார்கள். சரியாக ஏழரைக்கு அதிபர் சிவப்புப் பேனையால் ஒரு கோடு கீறுவார். அதற்குப் பிறகு வருகிறவர்கள் கோட்டுக்குக் கீழே ஒப்பமிட வேண்டும். நாடு முழுவதும் இதுதான் நடைமுறை. கோடு கீறுவதில் நான் கண்டிப்பானவன் என்று வலயம் முழுவதும் பெயர் எடுத்திருந்தேன். படிக்கட்டில் ஆசிரியரின் செருப்புச் சத்தம் கேட்கும்போதே கீறியிருக்கிறேன். என் மைத்துனர் ஒருவரும் அங்கே கற்பித்தார். அவருக்கும் கீறியிருக்கிறேன். அதை நேர்மை என்று நினைத்தேன்.

அந்தத் தொண்டர் ஆசிரியை திருகோணமலைக் குடாவுக்கு அப்பால், மூதூரில் தன் தமக்கை வீட்டிலிருந்து வந்தார். பிறந்த ஊர் அதற்கும் தெற்கே, இலங்கைத்துறை. பாலங்களும் தெருக்களும் முடியாத காலம். காலையில் லோஞ்ச் என்னும் மோட்டார்ப் படகின் முதல் ஓட்டத்தைப் பிடித்தால்தான் வரலாம். கடல் எவ்வளவு அமைதியாக இருந்தாலும் அந்த லோஞ்ச் ஏழரைக்கு முன் இறங்குதுறையைத் தொடாது. பிறகு படையினரின் பை சோதனை, அதற்குப் பிறகு பாடசாலைக்கு ஓட்டமும் நடையும். ஏழு ஐம்பது, ஏழு ஐம்பத்தைந்து. சேலைக் கரையில் உப்பு காய்ந்து வெள்ளையாகத் தெரியும். மூச்சு வாங்கியபடி கோட்டுக்குக் கீழே உருண்டையான எழுத்தில் பெயரெழுதுவார். நேரத்தை ஒரு நிமிடம்கூடக் குறைத்துப் போடமாட்டார். மாலையில் லோஞ்ச் நாலரைக்குத்தான் என்பதால் மற்ற எல்லோரும் போன பிறகும் பிள்ளைகளோடு இருப்பார். அதைப் பதிய அந்தப் பதிவேட்டில் நிரல் இல்லை.

ஒருமுறை உப அதிபர் என்னிடம் மெதுவாகச் சொன்னார், சேர், அந்தப் பிள்ளைக்காகக் கோட்டுக்கு மேலே ஒரு வரி விட்டுக் கீறினால் என்ன, கடல் கடந்தல்லவா வருகிறாள் என்று. அவர் அப்போதுதான் உள்ளே வந்தார். கேட்டிருக்க வேண்டும்.

"வேண்டாம் சேர்" என்றார் சிரித்தபடி. "கோட்டுக்குக் கீழயும் இடம் இருக்குத்தானே."

இறங்குதுறைச் சோதனையில் நடந்த ஒரு சம்பவத்தை ஆசிரியர் அறையில் பலநாள் சொல்லிச் சிரித்தார்கள். அவருடைய பையில் எப்போதும் ஒரு பொலித்தீன் பை நிறையப் புளியங்கொட்டைப் பாதிகள் இருக்கும். புதிதாகக் காவலுக்கு வந்த சிப்பாய்க்கு அவை என்னவென்று விளங்கவில்லை. வரிசையை நிறுத்திவிட்டான். இவருக்குச் சிங்களம் கொஞ்சம்தான் தெரியும். பேசி விளங்கப்படுத்த முடியாமல், அவனுடைய மேசையிலேயே ஆறு பாதிகளை எறிந்து காட்டினாராம். அவனும் எறிந்தானாம். நாலு கறுப்பு, இரண்டு வெள்ளை. "சய ரெண்டு, மாத்தயா. கடலுக்க நிக்கிறீங்கள்" என்று, ஐயா என்பதற்குத் தெரிந்த சிங்களச் சொல்லையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வந்தாராம். அதற்குப் பிறகு அவன் அவரைக் கண்டால் சய ரெண்டு, சய ரெண்டு என்று கூப்பிட்டுப் பையைத் திறக்காமலே அனுப்பிவிடுவான். அதனால் மூன்று நிமிடம் மிச்சம் என்று சொன்னார். ஏழு ஐம்பது ஏழு நாற்பத்தேழு ஆனது. கோட்டுக்குக் கீழேதான்.

பிள்ளைகளும் அவரைப்போலவே கதைக்கத் தொடங்கினார்கள். பிந்தி வந்த ஒரு பொடியனை வாசலில் பிடித்து ஏன் பிந்தினாய் என்று கேட்டேன். "சய பத்து நிமிசம் சேர். நாளைக்குச் சக பத்து வாறன், சரியாப் போயிடும்" என்றான். அவனுக்கு இரண்டு அடி போட்டேன். அவன் அழவில்லை, கணக்கில் எங்கே பிழை என்று யோசிப்பவன்போல என்னைப் பார்த்தான். மறுநாள் ஏழு இருபதுக்கு வந்து என் அறை வாசலில் நின்று, "இப்ப கரையில நிக்கிறன் சேர்" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

அவருக்குப் பிழைவிடுவதில் வெட்கமே இல்லை. அது எனக்குப் பெரிய வியப்பு. ஒரு சிறுமி, எப்போதும் கடைசியில் நின்று ஆடுகிறவள், ஒருநாள் கேட்டாள், "ரீச்சர், ஏன் சக மூண்டில ஒருத்தரும் நிக்கிறேல்ல? சய அஞ்சிலயும் இல்ல."

நான் அன்று தற்செயலாக அங்கே நின்றேன். கணிதப் பட்டதாரியான எனக்கு அது ஒரு நொடியில் விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. அவர் மணலில் குந்தியிருந்து ஆறு பாதிகளையும் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தார். ஒரு வெள்ளையை ஒரு கறுப்பு அழித்துவிடும். ஆறில் எப்படி விழுந்தாலும் மிச்சம் இரட்டை எண்தான். ஒற்றைக் கட்டங்களில் கால் வைக்க வழியே இல்லை. ஆண்டுக்கணக்காக ஆடிய ஆட்டம். அவர் எழுந்து, கையைத் தட்டி வகுப்பு முழுவதையும் கூட்டினார்.

"இவ்வளவு நாளும் நான் உங்களுக்குப் பாதி எண்ணைத்தான் காட்டியிருக்கிறன். இவள்தான் கண்டுபிடிச்சவள்" என்று சொல்லி, ஆறில் ஒன்றை எடுத்து மதிலுக்கு அப்பால் எறிந்தார். அன்றிலிருந்து ஐந்து கொட்டைகள். எல்லாக் கட்டங்களிலும் பிள்ளைகள் நின்றார்கள். நான் என் அறைக்குத் திரும்பிப்போய்க் கதவைச் சாத்திவிட்டு, ஒரு கடதாசியில் அதை எழுதிப் பார்த்துச் சரியென்று உறுதிசெய்துகொண்டேன். என் மாணவர் ஒருவருக்கு முன்னாலும் ஒருநாளும் நான் பிழை என்று ஒப்புக்கொண்டதில்லை என்பதும் அப்போது நினைவுக்கு வந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. அவரையும் கொஞ்சம் பிடிக்காமல் போனது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

எறிந்து ஆடுவது சூதாட்டம்தானே என்று ஒரு தகப்பன் வந்து முறையிட்டபோது, அதையே சாட்டாக வைத்து மணலில் ஆடுவதை நிறுத்தச் சொன்னேன். அவர் மறுப்புச் சொல்லவில்லை. எறியாமல், வகுப்பறைச் சீமெந்தில் அடுக்கி வைத்துச் செய்யலாமோ என்று மட்டும் கேட்டார். சரி என்றேன். அப்படி அடுக்கி வைத்ததில்தான் அவருடைய மிக நல்ல பாடம் பிறந்தது.

வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து கணிதத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் மேற்பார்வைக்கு வந்த நாள் அது. அவர் ஒருகாலத்தில் வேறொரு பாடசாலையில் என்னிடம் படித்தவர். நாங்கள் இருவரும் ஆசிரியர் சிலரும் தரம் ஐந்தின் பின்வரிசையில் நின்றோம். சீமெந்தில் வெண்கட்டியால் ஏணி கீறியிருந்தது. ஒரு பிள்ளைக்கு முன்னால் இரண்டு வெள்ளையும் மூன்று கறுப்பும். அவள் சய ஒன்றில் நின்றாள்.

"இப்ப நான் ஒரு கறுப்பை எடுக்கப் போறன். கூட்டேல்ல, எடுக்கிறன். நீ எந்தப் பக்கம் போவாய்?" என்று ஆசிரியை கேட்டார்.

அந்தப் பிள்ளை கொட்டைகளைப் பார்த்தாள். இரண்டு வெள்ளை, இரண்டு கறுப்பு. ஒரு காலை எடுத்துக் கரையில் வைத்தாள். "மேல" என்றாள். வகுப்பு முழுவதும் தலையாட்டியது. சயவைக் கழித்தால் சக. நான் முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதி, பாடமாக்கச் சொல்லி, மறந்தவர்களை அடித்துக் கற்பித்த விதி. அவர்களில் ஒருவருக்கும் அது ஏன் என்று நான் காட்டியதில்லை. எனக்கும் எவரும் காட்டியதில்லை.

உத்தியோகத்தர் என் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு. "சேர், இதை எனக்கு நீங்கள் பிரம்பாலயல்லோ படிப்பிச்சனீங்கள்" என்றார்.

ஆசிரியர்கள் சிரித்தார்கள். பகடிதான், கெட்ட எண்ணமில்லை. ஆனால் நின்ற இடத்தில் எனக்குக் காது சூடாகியது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. சட்டென்று, "சேர் படிப்பிச்சபடியாத்தானே நீங்கள் இப்ப உத்தியோகத்தர்" என்றார். எனக்காகக் கதைத்தார். எல்லோருக்கும் முன்னால், சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியை ஒருத்தி என் மானத்தைக் காப்பாற்றினார். அந்த உத்தியோகத்தரை நான் அன்றே மன்னித்துவிட்டேன். இவரை மன்னிக்க முடியவில்லை.

அடுத்த வாரம் தொண்டர் ஆசிரியர்களுக்கான நேர்முகத் தேர்வு அறிவிக்கப்பட்டது. இத்தனை ஆண்டுகளாக அவர்கள் எல்லோரும் காத்திருந்த அழைப்பு. சேவைக்காலத்தையும் வரவையும் அதிபர் உறுதிப்படுத்தி, மூடிய உறையில் கடிதம் கொடுக்க வேண்டும். நியமனத்துக்கு வயதெல்லை உண்டு. இந்த முறை தவறினால் அடுத்த அழைப்பு வரும்போது அவர் அதைத் தாண்டிவிடுவார். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அவர் என் அறைக்கு வந்தார். அந்த எட்டு ஆண்டுகளில் அவர் தனக்கென்று என்னிடம் கேட்டது அந்த ஒன்றைத்தான். "சேர், லோஞ்ச் விசயத்தை ஒரு வரி எழுதிவிடுங்கோ. வரவுப் புத்தகத்தைப் பாத்தா வேற மாதிரித் தெரியும்."

"எழுதுவம்" என்றேன்.

கடிதத்தை அன்று மத்தியானம் எழுதினேன். ஒரு பொய்யும் எழுதவில்லை. இதை நான் திரும்பத் திரும்ப எனக்கே சொல்லிக்கொண்டது உண்டு. கற்பித்தல் திருப்திகரமானது என்று எழுதினேன். வரவுப் பதிவேட்டின்படி பெரும்பாலான நாட்களில் சிவப்புக் கோட்டுக்குக் கீழேயே ஒப்பமிட்டுள்ளார் என்று எழுதினேன். அடுத்து லோஞ்ச் பற்றிய வரி வர வேண்டும். எழுதுவதற்குத் தடையாக எதுவும் இருக்கவில்லை. பேனையில் மை இருந்தது, நேரமும் இருந்தது. நான் எழுதவில்லை. முத்திரை குத்தி, ஒப்பமிட்டு, உறையை ஒட்டினேன்.

அவர் அதை இரண்டு கைகளாலும் வாங்கினார். நனைந்துவிடக் கூடாது என்று புளியங்கொட்டை வைத்திருந்த பொலித்தீன் பையைக் கவிழ்த்து வெறுமையாக்கி, அதற்குள் உறையை வைத்துச் சுற்றிக்கொண்டு லோஞ்சுக்குப் போனார்.

தெரிவானவர்களின் பட்டியலில் அவருடைய பெயர் இருக்கவில்லை. அவரைவிடக் குறைந்த காலம் சேவை செய்தவர்களின் பெயர்கள் இருந்தன. திங்கட்கிழமை ஏழு நாற்பத்தேழுக்கு வந்து கோட்டுக்குக் கீழே ஒப்பமிட்டார். அந்த ஆண்டுப் பரீட்சை முடியும்வரை வந்தார். அதற்குப் பிறகு வரவில்லை. நான் அதே ஆண்டு ஓய்வு பெற்றேன். பிரியாவிடையில் என் நேர்மையைப் பற்றி நாலு பேர் பேசினார்கள்.

கடிதத்தில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது என்றே நான் நம்பியிருந்தேன். உறை ஒட்டியிருந்ததல்லவா. பதினாறு பதினேழு ஆண்டுகள் அந்த நம்பிக்கையோடு நித்திரை கொண்டேன்.

போன ஆண்டு கண்புரைச் சத்திரசிகிச்சைக்கு ஆஸ்பத்திரியில் இருந்தபோது மருந்து விட வந்த தாதி என்னை அடையாளம் கண்டாள். சக மூன்றில் ஏன் ஒருவரும் நிற்கவில்லை என்று கேட்ட அதே சிறுமி. ரீச்சர் இலங்கைத்துறையில் தம்பி வீட்டில் இருக்கிறா, தையல் செய்கிறா, நான் போய்ப் பார்க்கிறனான் என்றாள். நீங்களும் ஒருக்கால் போங்கோ சேர், சந்தோசப்படுவா என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

கண் தெளிந்ததும் வீட்டில் ஒரு கடிதம் எழுதினேன். சம்பந்தப்பட்டவர்களுக்கு என்று தொடங்கி, இன்னார் என் பாடசாலையில் ஏழு ஆண்டுகள் தொண்டர் ஆசிரியையாகச் சேவையாற்றினார், அவர் நாள்தோறும் பிந்தியதற்கு லோஞ்ச் வரும் நேரமே காரணம், மாலை நாலரை வரை அவர் பணியில் இருந்தார், அவரைப்போல் கணிதம் கற்பித்த ஒருவரை நான் கண்டதில்லை, என் முதற் கடிதத்தில் இவற்றை வேண்டுமென்றே எழுதாமல் விட்டேன் என்று எழுதி ஒப்பமிட்டேன். அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். இப்போது கிண்ணியா வழியாகப் பாலங்களுக்கு மேலால் போகலாம். கடலைத் தொட வேண்டியதில்லை.

முன்விறாந்தையில் மெசினுக்கு முன்னால் இருந்தார். சுற்றிலும் வெள்ளைச் சீருடைத் துணி. பாடசாலை தொடங்குகிற காலம். தலை பாதி நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து, துணியை அள்ளிக் கதிரையை ஒழித்துத் தந்தார். தேத்தண்ணி வந்தது. அளவு கொடுக்க வந்த பிள்ளைகளைக் காட்டி, இவர்களோடு கொட்டை விளையாடுவதில்லையா என்று கேட்டேன்.

"இல்ல சேர். அளவெடுக்கிறதோட சரி."

பிறகு நான் வந்த விடயத்தைச் சொன்னேன். சுற்றிவளைக்காமல் சொன்னேன், அதற்காகத்தான் அத்தனை தூரம் வந்திருந்தேன். அவர் ஊசியிலிருந்த நூலை இழுத்து அறுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும் சேர்" என்றார். "அண்டைக்கு அங்க வாசிச்சவை."

நேர்முகத் தேர்வில் உறையைத் திறந்து அவருக்கு முன்னாலேயே சத்தமாக வாசித்தார்களாம். பெரும்பாலான நாட்களில் சிவப்புக் கோட்டுக்குக் கீழே ஒப்பமிட்டுள்ளீர்களாமே, உண்மையா என்று கேட்டார்களாம்.

"ஓம் எண்டு சொன்னனான். அடுத்த வரியில லோஞ்ச் விசயம் வரும் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். அவை கடிதத்தை மடிச்சுப்போட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிட்டினம்."

நீங்களே வாயால் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"சேர் எழுதுறன் எண்டு சொன்னனீங்கள்தானே. நானும் சொன்னா, உங்கட கடிதத்தில நம்பிக்கையில்லாத மாதிரி ஆகிடும் எண்டு நினைச்சன்."

புதிய கடிதத்தைச் சேர்ட் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை வாசித்தார். அவசரப்படவில்லை. பிள்ளைகளின் கொப்பியை அப்படித்தான் வாசிப்பார். ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"எட்டு வருசம் சேர்."

பதிவேடுகளை நினைவில் வைத்து எண்ணித்தான் எழுதினேன், ஏழு என்று உறுதியாகச் சொன்னேன்.

"முதல் வருசம் நிரந்தரமில்லாத ஆக்கள் புத்தகத்தில கையெழுத்து வைக்கத் தேவையில்ல எண்டு நீங்கள்தான் சொன்னனீங்கள். அந்த வருசமும் நான் வந்தனான்."

பேனையை எடுத்து ஏழை வெட்டி எட்டு என்று எழுதினேன். கடிதத்தைத் திருப்பி நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"வெட்டித் திருத்தினா பக்கத்தில ஒரு சின்னக் கையெழுத்து வைக்க வேணும் சேர். இல்லாட்டி ஏற்க மாட்டினம்."

வைத்தேன். அதற்குப் பிறகுதான் வாங்கினார். இன்னொருமுறை பார்த்து, திருத்தம் சரி என்பதுபோலத் தலையாட்டினார். வெளியே பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது. திருகோணமலைக்கு அன்றைய கடைசி பஸ் அதுதான் என்று அவருடைய தம்பி படலையிலிருந்து சொன்னார். நான் எழுந்தேன். அவரும் எழுந்து, கடிதத்தைக் கையில் பிடித்தபடி வாசல்வரை வந்தார்.

"சேர்" என்றார். வழக்கம்போல, உண்மையாகவே பதில் தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். "இதை நான் இப்ப ஆரிட்டக் குடுக்கிறது?"